லெமூரியாவும் விண்ணோர் வருகையும்: மனிதத் தோற்றம் பற்றிய ஒரு கருத்தின் வரலாறு

மனிதன் எங்கிருந்து வந்தான் என்னும் வினா இறையியலுக்கு முதன்மையானது. ஆதியாகமத்தின் தொடக்க அதிகாரங்கள் அதனை வழிபாட்டின் மொழியில் எழுப்பி விடை கூறுகின்றன. ஆயினும் இன்று நம் சபைகளிலுள்ள வாலிபர் இவ்வினாவை வேறொரு மொழியில் எழுப்புகின்றனர். எசேக்கியேல் கண்டது வான ஊர்தி என்பது உண்மையா? ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தின் தேவகுமாரர் வேற்றுக் கோளிலிருந்து வந்தவர்களா? தஞ்சைப் பெரிய கோயிலை மனிதர் கட்டியிருக்க இயலுமா? குமரிக்கண்டத் தமிழருக்கு அறிவு புகட்டியவர் விண்ணவர்தாமா? 2010 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடராக வந்த நிகழ்ச்சிகளும், அவற்றைத் தழுவித் தமிழில் வெளிவரும் காணொளிகளும் இவ்வினாக்களைப் பரப்பியுள்ளன. மந்தாரக்குப்பத்தைப் போன்ற ஒரு தொழில் நகரில் ஊழியம் செய்யும் போதகர் இவற்றினின்று ஒதுங்கியிருத்தல் இயலாது. நிலத்தைத் தோண்டி வாழும் மக்கள் நடுவே, நிலத்தின் பழமையைப் பற்றிய கேள்வி வீட்டுப் பேச்சாகவே எழுகின்றது.

இக்கேள்விகளை நகைத்து ஒதுக்குதல் ஆயருக்கு அழகன்று. ஆராயாது ஏற்றலும் தகாது. ஒரு கருத்து யார் கையில் பிறந்து, யார் யார் கை மாறி நம்மிடம் வந்தது என்று காண்பது வரலாற்று மாணவனின் முறை. அம்முறையையே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளுகின்றோம். விண்ணோர் வந்து மனிதனுக்கு நாகரிகம் கற்பித்தனர் என்னும் கருத்தின் வழி நம் சென்னை அடையாற்றின் ஊடாகவும் செல்லுகின்றது என்பதனைப் பலர் அறியார்.

1. ஈராண்டுகள், இரு செய்திகள்

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் செம்மண் சரளைக் குழி ஒன்றில் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதனின் கருவி என்பதை அவர் உணர்ந்தார். அதே ஆண்டில் வில்லியம் கிங் என்பாருடன் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார். இந்திய முன்வரலாற்று ஆய்வு இவ்வாறு தமிழ் மண்ணில் தொடங்கிற்று. இந்த ஃபூட், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் திருமறை மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட பீட்டர் பெர்சிவல் ஐயரின் மருமகன் என்பது நம் வாசகருக்குச் சுவையான செய்தியாகும்.

அடுத்த ஆண்டு, 1864-இல், இலண்டனில் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியல் அறிஞர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லெமூர் என்னும் விலங்கினம் மடகாஸ்கரில் மிகுதியாகக் காணப்படுகின்றது. அதற்கு உறவான இனங்கள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் உள்ளன. நம் காடுகளில் வாழும் தேவாங்கு அவ்வகையைச் சேர்ந்தது. கடலால் பிரிக்கப்பட்ட இந்நாடுகளில் உறவுடைய விலங்குகள் எவ்வாறு வாழ்கின்றன? முற்காலத்தில் இவற்றை இணைத்த ஒரு பெருநிலம் இந்தியப் பெருங்கடலில் இருந்து அமிழ்ந்திருக்க வேண்டும் என்று கருதிய ஸ்கிளேட்டர், அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார்.

பல்லாவரத்தின் கல் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க சான்று. லெமூரியா ஒரு சிக்கலை விடுவிக்க அமைக்கப்பட்ட ஊகம். இரண்டும் அறிவியலுக்கு வேண்டியனவே. ஆனால் பின்வந்த நூற்றாண்டில் மக்கள் மனத்தைக் கவர்ந்தது கல்லன்று. அமிழ்ந்த கண்டமே கவர்ந்தது.

2. ஊகம் கண்டமாயிற்று

ஸ்கிளேட்டரின் ஊகம் அந்நாளில் பிழையான முறையன்று. கண்டங்கள் நகரும் என்பதை அறிஞர் அறியாத காலம் அது. ஆகவே, ஒத்த உயிர்களும் ஒத்த புதைபடிவங்களும் கடலின் இருபுறத்தும் காணப்பட்டால், இடையே நிலப்பாலம் இருந்தது என்றே கருதினர். 1875-இல் ஹென்றி பிளான்ஃபோர்ட் என்பார் பழந்தாவரப் படிவங்களைச் சான்று காட்டி, இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்டம் இருந்ததென எழுதினார். இவரே தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தவர். நெய்வேலி அடங்கிய நிலப்பகுதியை நடந்து அளந்த ஒருவரே இக்கண்டக் கொள்கைக்கு வலுவூட்டினார் என்பது கருதத்தக்கது.

செருமானிய உயிரியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் இக்கருத்தை மனிதன்மீது ஏற்றினார். மனிதக் குலத்தின் தொட்டில் லெமூரியாவாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். மனித இனங்கள் உலகெங்கும் பரவிய வழிகளைக் காட்ட அவர் வரைந்த படத்தில், இந்தியப் பெருங்கடற் பகுதியைப் பரதீசு என்று குறித்தார். படைப்பு வரலாற்றை மறுத்த ஒருவர் ஏதேனின் பெயரைக் கடன் வாங்கியது வியப்பே. விலங்கின் பரவலை விளக்க எழுந்த ஊகம் இவ்வாறு மனிதனின் பிறப்பிடமாயிற்று. இதற்குப் புதைபடிவச் சான்று ஒன்றும் காட்டப்படவில்லை. சான்றெல்லாம் கடலடியில் அமிழ்ந்தன என்று கூறுவதற்கு மட்டும் இக்கொள்கை இடமளித்தது. மறுக்க இயலாத வகையில் அமைந்த கருத்து உறுதியான கருத்துப்போல் தோன்றும் என்பதை நாம் இங்கே மனத்திற் கொள்ள வேண்டும்.

3. அடையாற்றின் வழியே விண்ணோர்

1875-இல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட பிரம்மஞான சபை, 1882-இல் தன் தலைமையகத்தைச் சென்னை அடையாற்றுக்கு மாற்றிற்று. அச்சபையை நிறுவியோருள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-இல் வெளியிட்ட இரகசியக் கோட்பாடு பற்றிய பெருநூலில், மனிதக் குலம் ஏழு மூல இனங்களாகத் தோன்றும் என்றும், மூன்றாம் மூல இனம் லெமூரியாவில் வாழ்ந்தது என்றும் எழுதினார். ஸ்கிளேட்டரின் பெயரும் ஹேக்கலின் பெயரும் அறிவியல் மதிப்பைத் தர, அதன்மேல் மறைஞானக் கட்டடம் எழுப்பப்பட்டது.

1904-இல் ஸ்காட் எலியட் என்பார் மறைந்த லெமூரியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அகழாய்வோ ஏட்டுச்சுவடியோ அதற்கு ஆதாரமன்று. ஞானதிருஷ்டியால் கண்டவை என்று சொல்லப்பட்டவையே ஆதாரம். லெமூரியர் 12 முதல் 15 அடி உயரமுடையவர் என்று அந்நூல் கூறுகின்றது. வெள்ளிக் கோளின் வளர்ச்சிநிலையைச் சேர்ந்த உயர்ந்தோர் அவர்களிடையே வந்து கலைகளையும் கைத்தொழில்களையும் கற்பித்தனர் என்றும் அது கூறுகின்றது. 1968-இல் சுவிட்சர்லாந்து நாட்டு எழுத்தாளர் எரிக் ஃபான் டேனிக்கன் வெளியிட்ட நூல், பழங்காலத் தெய்வங்கள் உண்மையில் விண்வெளிப் பயணிகளே என்று வாதிட்டு உலகப் புகழ் பெற்றது. வெள்ளிக்கோள் ஆசான்களுக்கும் டேனிக்கனின் விண்வெளிப் பயணிகளுக்கும் இடையே உடைதான் மாறியிருக்கின்றது. முன்னவர் ஞான ஒளியில் வந்தனர். பின்னவர் ஏவூர்தியில் வந்தனர். மனிதன் தானாக எதனையும் கண்டுபிடிக்க வல்லவனல்லன் என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது.

பிரம்மஞான நூல்களின் மூல இனக் கணக்கில் இன்னொரு தீங்கும் உண்டு. அதில் ஆரியர் ஐந்தாம் இனத்தின் உச்சி. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் போன்றோர் லெமூரியரின் தேய்ந்த எச்சங்கள் என எண்ணப்பட்டனர். மனிதருள் ஏற்றத்தாழ்வை விண்ணுலகத் திட்டமாகவே காட்டும் போதனை இது.

4. தமிழர் கையில் லெமூரியா

தமிழ் இலக்கியத்தில் கடல்கோள் பற்றிய செய்திகள் ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முற்பட்டவை. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடல்கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களுக்கு முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் எனக் கணக்குத் தந்து, கடல்கோளையும் குறிக்கின்றது. அடியார்க்கு நல்லார் 700 காவத அளவும் 49 நாடுகளும் கடலுள் மறைந்தன என உரைக்கின்றார். ஆயினும் இவ்வுரைகளில் மனிதக் குலம் அங்குத் தோன்றிற்று என்னும் செய்தி இல்லை. விண்ணிலிருந்து ஆசான்கள் வந்தனர் என்பதும் இல்லை. இழந்த நாட்டையும், இழந்த நூல்களையும், அவற்றைப் புரந்த பாண்டியரையும் பற்றிய நினைவே அவற்றில் உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்நினைவும் லெமூரியாக் கொள்கையும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. கந்தபுராணத்தில் வேறு பொருளில் வழங்கிய குமரிகண்டம் என்னும் பெயர் அமிழ்ந்த கண்டத்திற்கு இடப்பட்டது. கா. அப்பாத்துரையார் போன்றோர் அதனை நூல்வடிவில் மக்களிடம் கொண்டு சென்றனர். இப்பணியில் கிறிஸ்தவத் தமிழர் பங்கும் பெரிது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இசை வரலாற்றோடு லெமூரியாவையும் பேசினார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர், 1966-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் மனிதன் தோன்றிய இடம் குமரிக்கண்டமே என்றும், தமிழே உலக முதன்மொழி என்றும் வாதிட்டார். 1981-இல் மதுரையில் நடைபெற்ற ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றிய ஆவணப்படம் தமிழக அரசின் சார்பில் காட்டப்பட்டது.

இவ்வறிஞரை நாம் எளிதில் குறை கூறலாகாது. தமிழுக்கு வரலாறே இல்லை என்று இழித்துரைத்தவர் நடுவே, தம் மொழியின் மாண்பை நிலைநாட்ட அவர்கள் முயன்றனர். அவர்கள் பெரும்பாலும் வெள்ளிக்கோள் ஆசான்களை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர் என்பதும் நோக்கத்தக்கது. அவர்தம் குமரிக்கண்டத்தில் மொழியையும் இசையையும் ஆக்கியவர் மனிதரே. இன்று காணொளிகள் தமிழர் விட்டுவிட்ட அந்தப் பகுதியையே மீண்டும் கொண்டுவந்து ஒட்டுகின்றன. தமிழின் பெருமை பேசுவதுபோல் தொடங்கி, தமிழன் ஆக்கியதை எல்லாம் விண்ணவனுக்கு எழுதிவைக்கின்றன.

5. நிலம் கூறும் சான்று

ஆல்ஃபிரெட் வெகெனர் 1912-இல் கண்டங்கள் நகர்கின்றன என்று கூறியபோது பலர் ஏற்கவில்லை. 1960-களில் கடலடி ஆய்வுகள் அக்கருத்தை வேறு வடிவில் உறுதிசெய்தன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்து, ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. பிளான்ஃபோர்ட் கண்ட ஒத்த தாவரப் படிவங்களுக்கு இதுவே விளக்கம். நிலப்பாலம் அமிழவில்லை, நிலங்களே விலகின. லெமூர்களின் மூதாதையர் அப்பிரிவிற்கு நெடுங்காலத்தின் பின்னரே, மிதக்கும் மரத்தொகுதிகளின்மேல் கடல்கடந்து மடகாஸ்கரை அடைந்திருத்தல் கூடும் என்று இன்று கருதுவர். ஆகவே ஸ்கிளேட்டரின் சிக்கலுக்கு லெமூரியா தேவையில்லாமற் போயிற்று.

இங்குக் கால அளவை ஒப்பிட்டு நோக்குவது நன்று. நம் இன மனிதனின் மிகப் பழைய எலும்புகள் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டு பழமையுடையன. அவை மொராக்கோவில் கிடைத்தவை. கண்டங்கள் பிரிந்த காலத்திற்கும் அதற்கும் உள்ள இடைவெளி கோடிக்கணக்கான ஆண்டுகள். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியே இதற்குக் கண்கண்ட பாடம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரும்பொருள் வெளிப்பட்டது. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1961-இல் நிலக்கரிப் படுகை எட்டப்பட்டது. ஐம்பது மீட்டருக்கு மேலான மேல்மண்ணை அகற்றிய பின் காணப்படும் அப்படுகை, பண்டைக்காலச் சதுப்புக் காடுகளின் எச்சம். அதன் வயதை ஆய்வாளர் பலர் மயோசீன் காலம் என்பர். சிலர் அதற்கும் முந்திய இயோசீன் காலம் என்பர். எக்கணக்கின்படியும் அது மனிதன் தோன்றுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் முற்பட்டதே. கி.மு. 4004 என்று அயர்லாந்துப் பேராயர் அஷர் கணித்து, ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சிடப்பட்ட படைப்பின் ஆண்டை, மந்தாரக்குப்பத்துச் சுரங்கத் தொழிலாளியிடம் சத்தியமாகப் போதிக்க முற்படும் போதகர், விண்ணோர் கதைக்குத் தாமே வாசலைத் திறந்துவிடுகின்றார். ஒரு பொய்க் கணக்கைத் திருமறையின் பெயரால் கேட்டவன், அதனை விட்டெறியும் நாளில் வேறொரு பொய்க் கதையைப் பற்றிக்கொள்ளுவான்.

ஆயின் கடல்கோள் முழுதும் கற்பனையோ? அன்று. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கை அன்று நம் நிலத்தோடு இணைந்திருந்தது. குமரிமுனைக்குத் தெற்கிலும் ஓரளவு நிலம் இருந்தது. பனி உருகக் கடல் ஏறி அந்நிலங்களைக் கொண்டது. நிலவியலாளர் சு.கி. ஜெயகரன் குமரி நில நீட்சி என்னும் நூலில் இதனைத் தமிழருக்கு விளக்கியுள்ளார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடலூர்க் கடற்கரையைக் கண்டவர், ஒரே காலை வேளையில் கடல் ஊரைக் கொள்ளும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

ஃபூட் தொடங்கிய பணியும் வீண்போகவில்லை. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் நடத்திய அகழாய்வு, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டு பழமையுடையன என 2011-இல் காட்டிற்று. அங்கு இடைப் பழங்கற்காலக் கருவிமுறை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என 2018-இல் வெளியான ஆய்வு கூறிற்று. தமிழ் மண்ணின் பழமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? அக்கல்லைத் தட்டிச் செதுக்கிய கை மண்ணிற் பிறந்த கையே.

6. திருமறையும் விண்ணோர் விளக்கமும்

ஜோசப் புளூம்ரிக் என்னும் விண்வெளிப் பொறியாளர், 1973-இல் வெளியிட்ட நூலில் எசேக்கியேல் கண்ட தரிசனத்தை ஒரு விண்கலத்தின் அமைப்பாக வரைந்து காட்டினார். பொறியாளர் கண்ணுக்குச் சக்கரம் சக்கரமாகவே தோன்றும். ஆயின் எசேக்கியேல் யார்? யோயாக்கீன் ராஜாவோடு சிறைப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆசாரியன். கி.மு. 593-ஐ ஒட்டி, கேபார் நதியண்டையிலே, ஆலயத்தை இழந்த மக்கள் நடுவே அவன் தரிசனம் கண்டான். சிறகுடைய கலப்புருக்கள் மெசொப்பொத்தாமியச் சிற்பங்களில் அரண்மனை வாயில்களைக் காத்து நின்றன. அத்தகைய உருக்களே இங்கு இஸ்ரவேலின் தேவனுடைய சிங்காசனத்தைச் சுமக்கின்றன. சிங்காசனத்திற்குச் சக்கரம் உண்டு. அது எருசலேமில் நிலையாகப் பதிந்ததன்று. சிறையிருப்பின் தேசத்திற்கும் அது வரும். இதுவே தரிசனத்தின் செய்தி. விண்கலம் என்று கொண்டால் அகதிகளுக்குக் கிடைத்த ஆறுதல் மறைந்து, இயந்திரப் படம் ஒன்றே எஞ்சும்.

ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தை விரித்துரைத்த ஏனோக்கின் ஆகமம், விழுந்துபோன தூதர் மனிதருக்கு உலோக வேலையையும் ஒப்பனையையும் சோதிடத்தையும் கற்பித்தனர் என்று கூறுகின்றது. மேலிருந்து வந்த ஆசான்கள் என்னும் எண்ணம் அத்துணைப் பழையது. ஆனால் அந்நூல் அப்போதனையை நன்மையாகக் கருதவில்லை. பூமியின் கேட்டிற்குக் காரணமாகவே கூறுகின்றது. நம் திருமறைத் தொகுப்போ வேறொன்று சொல்லுகின்றது. ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் மந்தை மேய்ப்போர்க்கு யாபாலும், கின்னரமும் நாகசுரமும் வாசிப்போர்க்கு யூபாலும், வெண்கலமும் இரும்பும் வேலை செய்வோர்க்குத் தூபால்காயீனும் முன்னோராகப் பெயர் குறிக்கப்படுகின்றனர். கைத்தொழிலின் தோற்றத்தை வேதம் விண்ணவர்க்கு அளிக்கவில்லை. குற்றமுள்ள காயீனின் வழியில் பிறந்த மனிதர்க்கே அளிக்கின்றது. யாத்திராகமம் 31-இல் பெசலெயேல் என்னும் கைவினைஞன் தேவ ஆவியால் நிரப்பப்படுகின்றான். ஆவியானவர் அவன் கையை ஒதுக்கிவிட்டுத் தாமே வேலை செய்யவில்லை. அவன் கைக்கு ஞானம் அளிக்கின்றார்.

தஞ்சைப் பெரிய கோயிலும் இவ்வாறே பேசுகின்றது. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்னும் பெயர் உள்ளது. ஆடற் பெண்டிர் நானூற்றுவர் பெயரும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இத்துணைப் பெயர்களை எழுதிவைத்த கோயிலை விண்ணவர் கட்டினர் என்பது அப்பெயர்களை அழிப்பதாகும். ஆப்பிரிக்காவில் மாபெரும் சிம்பாப்வேயின் கற்சுவர்களைக் கறுப்பின மக்கள் கட்டியிருக்க இயலாது என்று குடியேறிய வெள்ளையர் சாதித்தனர். 1905-இலும் 1929-இலும் அகழாய்வாளர் மறுத்துக் காட்டிய பின்னும் அச்சாதனை ஓயவில்லை. யாருடைய உழைப்பை மறுக்க இக்கதைகள் பயன்படுகின்றன என்பதை நாம் எப்போதும் கேட்க வேண்டும். நம் நாட்டுப் பழைய விமான நூல் என்று பரப்பப்பட்ட வைமானிக சாஸ்திரத்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தார் 1974-இல் ஆராய்ந்து, அது 1904-க்கு முற்பட்டதன்று என்றும், அதிற்கண்ட விமானங்கள் பறக்க வல்லனவல்ல என்றும் முடிவு கூறினர். பழமையைப் போற்றுவதற்குப் பொய்யான பழமை உதவாது.

7. சுரங்க நகரில் மனிதன் யார்?

இறுதியாக ஒன்று. செக்கரியா சிச்சின் என்பார் 1976-இல் எழுதிய நூல், அனுன்னாக்கி என்னும் விண்ணவர் பூமியில் பொன் தோண்ட வந்தனர் என்றும், சுரங்க அடிமைகளாகவே மனிதரை உண்டாக்கினர் என்றும் கூறுகின்றது. சுமேரிய மொழி வல்லுநர் இதனை ஏற்பதில்லை. எனினும் இதன் சாயல் பழைய பாபிலோனியக் கதையில் உண்டு. தேவர்களின் கடும் உழைப்பைச் சுமக்கவே மனிதன் படைக்கப்பட்டான் என்று அத்ரகாசிசு காவியம் கூறுகின்றது. அத்தகைய கதைகள் வழங்கிய உலகில் வாழ்ந்த இஸ்ரவேலர், மனிதன் தேவசாயலாகப் படைக்கப்பட்டான் என்று அறிக்கையிட்டனர். அவர்களுடைய கதையில் படைப்பின் முடிவு ஓய்வுநாள். மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டான், அடிமையாக விற்கப்படவில்லை.

மூன்று ஷிப்டிலும் மண்ணுள் இறங்கும் மக்கள் வாழும் மந்தாரக்குப்பத்தில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. நிரந்தரத் தொழிலாளியும், ஒப்பந்தத் தொழிலாளியும், சுரங்கத்திற்காக நிலம் கொடுத்த உழவனும் ஒரே ஆலயத்தில் அமர்கின்றனர். நீ தோண்டுவதற்காகவே உண்டாக்கப்பட்டாய் என்னும் கதையை அவர்களுள் ஒருவன் பொழுதுபோக்காகக் கேட்டாலும், அது அவன்மேல் சுமத்தப்பட்ட பழைய சுமைகளோடு சேர்ந்துகொள்ளும். ஆதலின் இக்கேள்வியோடு வரும் வாலிபனுக்குப் போதகர் செய்யத்தக்கவை சில உண்டு. அந்தக் கதை எந்த ஆண்டில், யார் கையில் பிறந்தது என்று அவனுடன் அமர்ந்து தேடலாம். பல்லாவரத்தின் கல்லையும் நெய்வேலியின் நிலக்கரியையும் அஞ்சாமல் எடுத்துக் காட்டலாம். எசேக்கியேலை எசேக்கியேலின் காலத்தில் வைத்து வாசிக்கக் கற்பிக்கலாம். அவன் தந்தையின் கைகளும் பெசலெயேலின் கைகளும் ஒரே ஆவியானவரின் ஈவைப் பெற்றவை என்று சொல்லலாம். இதற்கு வேண்டிய கல்வியை நம் இறையியற் கல்லூரிகள் வரலாற்றுப் பாடத்தின் ஒரு பகுதியாகவே அளிக்கக் கடமைப்பட்டிருக்கின்றன.